போக்ஸ் கம்பியும் நிப்பிளும்: கோட்டம் எடுத்த கதை

சைக்கிளை ஓவராயில் பண்றேன் பேர்வழின்னு மொத்தத்தையும் கழட்டிப் போட்டுட்டு முழிச்ச அனுபவம் நம்ம மக்கள்ல நிறைய பேருக்கு இருக்கும். பெடல், கேரியர், மட்கார்டு, செயின் கவர் எல்லாம் பிரச்சினையே இல்ல. ரெண்டு ஸ்பேனரும் கொஞ்சம் கிரீஸும் இருந்தா ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்குள்ள மாட்டிடலாம். ஆனா சக்கரத்தோட போக்ஸ் கம்பியையும் சேர்த்துக் கழட்டிட்டீங்கன்னா முடிஞ்சது கதை. ரிம், ஹப், கம்பி, நிப்பிள்னு நாலே நாலு வகை சாமான்தான். எல்லாத்தையும் கோர்த்துக் கூட முடிச்சிடுவீங்க. சுத்தி விட்டா குடிகாரன் நடக்குற மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடும். அப்புறம் சைக்கிள் கடைக்குத் தூக்கிட்டுப் போய் "அண்ணே, கோட்டம் எடுக்கணும்"னு நிக்க வேண்டியதுதான்.

சைக்கிள்ல மத்த எல்லாத்தையும் 'மாட்டலாம்'. சக்கரத்தை மட்டும் மாட்ட முடியாது, அதுக்கு 'கோட்டம்' எடுக்கணும். இந்த வித்தியாசம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு தோண்டப் போய்தான் இந்தப் பதிவு. ஆணி புடுங்குற நேரம் போக மிச்ச நேரத்துல படிச்சது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

முதல்ல மாட்டு வண்டிச் சக்கரத்துலேர்ந்து ஆரம்பிப்போம். நடுவுல குடம், வெளியில வட்டை, ரெண்டுக்கும் நடுவுல மர ஆரக்கால். எல்லாத்துக்கும் மேல இரும்புப் பட்டா. பட்டாவை நெருப்புல பழுக்கக் காய்ச்சி மாட்டி, தண்ணி ஊத்தினா அது சுருங்கி மொத்தச் சக்கரத்தையும் இறுக்கிப் பிடிச்சுக்கும். ஐரோப்பாவிலயும் இதே டெக்னிக்தான். இதுல பாரத்தைத் தாங்குறது கீழ இருக்குற ஆரக்கால், தூண் மாதிரி. தூண்னா தடிமனா இருக்கணும். தடிமனா இருந்தா கனமா இருக்கும். 1860-கள்ல பாரிஸ்ல மிஷோ கம்பெனி பெடல் வெச்சு வித்த வெலாசிபீடுகளுக்கு இந்த மாதிரி மரச் சக்கரமும் இரும்புப் பட்டாவும்தான். இங்கிலாந்துக்காரங்க அதுக்கு வெச்ச பேரு 'எலும்பு குலுக்கி'. வேற விளக்கம் தேவையில்ல.

இதுக்கு மாத்து யோசனை அதுக்கு 60 வருஷம் முன்னாடியே ஒருத்தர் நோட்டுல எழுதி வெச்சிருந்தார். சர் ஜார்ஜ் கேலி, இங்கிலாந்துக்காரர். அவருக்கு சைக்கிள் மேல எந்த ஆசையும் இல்ல, பறக்கிற மெஷின் பண்ணணும்னு ஆசை. அது தரையில உருளுறதுக்கு எடையே இல்லாத சக்கரம் வேணும். 1808-ல அவர் யோசிச்சது இதுதான்: ஆரக்கால் தூணா நின்னு தாங்க வேண்டாம், இறுக்கிக் கட்டின கயிறா இருந்து இழுத்துப் பிடிக்கட்டும். கயிறு தள்ளாது, இழுக்கும். ஆனா எல்லாப் பக்கமும் சமமா இழுத்துக் கட்டிட்டா ரிம் அசையாது. (பறக்க ஆசைப்பட்டவர் சைக்கிள் சக்கரத்தைக் கண்டுபிடிக்க, ஏறக்குறைய நூறு வருஷம் கழிச்சு சைக்கிள் கடை வெச்சிருந்த ரைட் சகோதரர்கள் பறந்தாங்க. கணக்கு நேராயிடுச்சு.)

1869-ல பாரிஸ்ல யூஜின் மெய்யர்ங்கிற மெக்கானிக் இரும்புக் கம்பியை இழுத்துக் கட்டின சக்கரத்துக்கு பேட்டன்ட் வாங்கினார். அவரோட சக்கரத்துல ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியா முறுக்கலாம். இந்த 'தனித்தனியா'ங்கிற வார்த்தையை மறந்துடாதீங்க, மிச்சக் கதை முழுக்க இதைச் சுத்தித்தான்.

இப்ப இங்கிலாந்துல கவன்ட்ரி. பட்டு ரிப்பன் நெசவும் கடிகாரமும் அந்த ஊரோட பிழைப்பு. 1860-ல பிரான்ஸோட போட்ட வணிக ஒப்பந்தத்தால ரிப்பன் தொழில் படுத்துடுச்சு. வேலை தெரிஞ்ச கை நிறைய, வேலைதான் இல்ல. அங்க ஒரு தையல் மெஷின் கம்பெனியில ஜேம்ஸ் ஸ்டார்லின்னு ஒருத்தர். விவசாயி பையன், வீட்டை விட்டு ஓடிப்போய் தோட்டக்காரரா இருந்தவர். முதலாளி வீட்டுத் தையல் மெஷினை ரிப்பேர் பண்ணி, அப்படியே அந்தத் தொழிலுக்குள்ள வந்துட்டார். 1868-ல கம்பெனியோட பாரிஸ் ஏஜென்ட் ரோலி டர்னர் ஒரு வெலாசிபீடைக் கொண்டு வந்து காட்ட, தையல் மெஷின் கம்பெனி சைக்கிள் கம்பெனி ஆகிடுச்சு.

ஸ்டார்லியும் வில்லியம் ஹில்மேனும் சேர்ந்து 1870-ல 'ஏரியல்'ங்கிற வண்டிக்கு பேட்டன்ட் வாங்கினாங்க. அதோட சக்கரத்தை இறுக்குற முறை இருக்கே, பார்த்தா கை தட்டணும்னு தோணும். ஹப்போட ரெண்டு லீவர் பட்டை. அதோட முனையை ஒரு திருகால ரிம்மோட கோர்த்திருப்பாங்க. திருகை முறுக்கினா ரிம் அப்படியே நிக்க, ஹப் மட்டும் லேசா திரும்பும். ஹப் திரும்பினா எல்லாக் கம்பியும் ஒரே நேரத்துல சாய்ஞ்சு விறைக்கும். ஒரு திருகு, ஒரே அசைவு, மொத்தச் சக்கரமும் டைட்! நம்ம பாஷையில சொன்னா ஒரே ஃபங்ஷன் காலில் எல்லா வேலையும் முடிஞ்சுது.

அதே சமயத்துல லண்டன்ல கிரவுட்னு ஒருத்தர் வேற வழியில போனார். ரிம் பக்கத்துல ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு குட்டி நிப்பிள். உள்ள மரை. ஒவ்வொண்ணையும் தனியா திருகணும். மெய்யர் யோசனைதான், இன்னும் வசதியா. ஸ்டார்லியோட லீவரோட ஒப்பிட்டா இது ரொம்ப மட்டமான யோசனை மாதிரி தெரியும். ஒரு திருகு போதும்ங்கிற இடத்துல எதுக்குய்யா அத்தனை திருகு?

ஜெயிச்சது நிப்பிள்தான். ஏன்னு புரியணும்னா ஒரு சின்னக் கணக்கு. கணக்குன்னாலே ஓடுறவங்க அடுத்த பாராவுக்குத் தாவிடலாம்.

சாதாரண போக்ஸ் கம்பி 2 மி.மீ. தடிமன், சுமார் 300 மி.மீ. நீளம்னு வெச்சுக்குவோம். இன்னிக்கு ஒழுங்கா கட்டின சக்கரத்துல ஒரு கம்பி ஏறக்குறைய 100 கிலோ விசையோட இழுத்துக்கிட்டு நிக்கும். அந்த விசையில இந்தக் கம்பி எவ்வளவு நீளும்? காலேஜ் ஃபார்முலாவைத் தூசு தட்டிப் போட்டா 0.48 மி.மீ. வருது. அரை மில்லிமீட்டர் கூட இல்ல! அதாவது ரிம் அசையாதுன்னு வெச்சுக்கிட்டா, கம்பியோட நீளத்துலயோ ரிம்மோட வட்டத்துலயோ 0.1 மி.மீ. பிசகினா அந்தக் கம்பியில 20 கிலோ விசை ஏறும் இல்ல இறங்கும். 0.5 மி.மீ. பிசகினா அந்தக் கம்பி தொளதொளன்னு சும்மா கிடக்கும். 1870-ல பட்டறையில வளைச்சு ஒட்டின ரிம்முல 0.1 மி.மீ. துல்லியத்துக்கு எங்க போறது? லீவர் எல்லாக் கம்பியையும் சமமா 'அசைக்கும்', சமமா 'இறுக்காது'. ஒரு கம்பி குட்டையா இருந்தா அது மட்டும் விண்ணுன்னு நிக்கும், பக்கத்துல இருக்குறது சும்மா இருக்கும், சக்கரம் கோணும். சரி பண்ண வழியே கிடையாது.

நிப்பிள் என்ன பண்ணுது? இன்னிக்கு வழக்கத்துல இருக்குற 2 மி.மீ. கம்பியில ஒரு அங்குலத்துக்கு 56 மரை. ஒரு முழு சுத்துக்கு 0.45 மி.மீ. கால் சுத்துன்னா 0.11 மி.மீ. மைக்ரோமீட்டர் வெச்சு அளக்க வேண்டிய விஷயத்தை ஒரு சின்ன சாவியால விரல் நுனியில கொண்டு வந்து வெச்சிருக்கான் பாருங்க. சாமான் கோணலா இருந்தாலும் பரவால்ல, கடைசியில சரி பண்ணிக்கலாம்ங்கிற வசதி அதுல இருக்கு. கோட்டம் எடுக்கிறதுன்னு ஒரு வேலை பிறந்ததும் இதனாலதான்.

ஸ்டார்லி இதோட விடல. 1874-ல அவர் பண்ண வேலைதான் இன்னிக்கும் நம்ம சைக்கிள்ல இருக்கு. கம்பியெல்லாம் ஹப்போட மையத்துலேர்ந்து நேரா கிளம்பாம, ஹப்போட விளிம்பை உரசிக்கிட்டு சாய்வா கிளம்பும். பாதிக் கம்பி முன்பக்கம் சாய்ஞ்சு, பாதி பின்பக்கம் சாய்ஞ்சு, ஒண்ணை ஒண்ணு வெட்டிக்கிட்டுப் போகும். நீங்க பெடலை மிதிக்கும்போது ஹப்போட முறுக்கு விசை நேரா ரிம்முக்குப் போறது இந்தச் சாய்வாலதான். நேர்க் கம்பியா இருந்தா ஹப் கொஞ்சம் திரும்பின பிறகுதான் ரிம்முக்குச் சேதி போகும்.

எத்தனை கம்பிங்கிறதுலயும் ஒரு வேடிக்கை. பிரிட்டிஷ் வழக்கம் முன்னாடி 32, பின்னாடி 40. பாரம் பின்னாடிதானே அதிகம். மத்த நாடுகள்ல பெரும்பாலும் ரெண்டு பக்கமும் 36. கூட்டிப் பாருங்க, ரெண்டுமே 72! 1949-ல பிரிட்டனோட டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் முருகப்பா குழுமமும் சேர்ந்து அம்பத்தூர்ல டி.ஐ. சைக்கிள்ஸ் ஆரம்பிச்சாங்க. நம்ம நாட்டு கறுப்பு ரோட்ஸ்டர் வண்டியெல்லாம் அந்த பிரிட்டிஷ் வம்சம், அதனால 32-40. சந்தேகமா இருந்தா தாத்தா சைக்கிளை எண்ணிப் பாருங்க.

கம்பி செய்யறதுலயும் தையல் மெஷின் வாசனை விடல. அமெரிக்காவுல கனெக்டிகட் மாநிலத்துல டோரிங்டன்ங்கிற ஊர்ல எக்ஸெல்சியர்னு ஒரு ஊசிக் கம்பெனி. தையல் மெஷின் ஊசியில மெஷினுக்குள்ள போற பக்கம் தடிமன், துணியில இறங்குற பக்கம் மெலிசு. இதைச் சீவி எடுக்காம, கம்பியைச் சுத்திச் சுத்திச் சின்னச் சின்ன அடியா அடிச்சு மெலிசாக்குற மெஷின் அவங்ககிட்ட இருந்துச்சு. சைக்கிள் மோகம் வந்ததும் அதே மெஷின்ல போக்ஸ் கம்பி அடிச்சாங்க. ரெண்டு முனை தடிமன், நடு மெலிசு. கம்பி உடையறது எப்பவும் வளைவுலயோ மரையிலயோதான், நடுவுல இல்ல. அதனால நடுவுல மெலிசா இருந்தா நஷ்டமில்ல, எடையும் குறையும்.

கம்பியை விட்டுட்டு இப்ப ஹப்புக்குள்ள போவோம். அங்க இருக்குறது நம்ம பால்ரஸ் குண்டு. 1869-ல பாரிஸ்ல ஜூல் சுரிரே சைக்கிளுக்கு பால் பேரிங் பேட்டன்ட் வாங்கினார். அந்தக் குண்டுகளைக் கையாலேயே தேய்ச்சு உருட்டினது பாரிஸ் சிறைக் கைதிங்கன்னு சொல்வாங்க. அந்த வருஷம் நவம்பர்ல நடந்த பாரிஸ்-ரூவான் பந்தயத்துல, 123 கிலோமீட்டர், ஜேம்ஸ் மூர் ஜெயிச்சது சுரிரேயோட பேரிங் வெச்ச வண்டியில.

ஆனா கையால எத்தனை குண்டு உருட்ட முடியும்? அதுவும் எல்லாக் குண்டும் ஒரே அளவுல இருக்கணும். ஒண்ணு மட்டும் கொஞ்சம் பெருசா இருந்தா மொத்தப் பாரமும் அது தலையில. 1883-ல ஜெர்மனியில ஷ்வைன்ஃபுர்ட் ஊர்ல ஃபிரீட்ரிஷ் ஃபிஷர் எஃகுக் குண்டுகளை ஒரே அளவா, ஒரே உருண்டையா தேய்ச்சுத் தள்ளுற மெஷினைக் கண்டுபிடிச்சார். அந்த ஊர் இன்னிக்கும் பேரிங் ஊர்தான்.

இங்கயும் நம்ம நிப்பிள் தத்துவம் வேலை செய்யுது பாருங்க. குண்டு துல்லியமா வந்துடுச்சு, ஆனா அது உக்கார்ற கப்பு, கோன் எல்லாம் அந்த அளவுக்குத் துல்லியமா வராது. அதனால கோனை மரையில திருகி, ஆட்டம் போகுற வரைக்கும் இறுக்கி, பூட்டு நட்டு போட்டு நிறுத்திடறது. பர்மிங்காம்ல ஜோசப் ஹியூஸ் 1877-ல பேட்டன்ட் வாங்கினது இந்த மாதிரி முறுக்கிச் சரி பண்ற பேரிங்குக்குத்தான். பின் சக்கரம் மாட்டுற இடத்துல துளை இல்லாம நீளமா ஒரு காடி இருக்கே, செயினை இழுத்து வைக்கறதுக்கு, அதுவும் இதே ஜாதி. சைக்கிள்ல எங்க பார்த்தாலும் 'அப்புறம் சரி பண்ணிக்கலாம்'னு ஒரு இடம் விட்டிருக்கான். பேட்ச் ரிலீஸ் மாதிரி.

1890-கள்ல அமெரிக்காவுல சைக்கிள் பைத்தியம் உச்சத்துக்குப் போச்சு, வருஷத்துக்குப் பத்து லட்சத்துக்கும் மேல வண்டி. சிகாகோவுல வெஸ்டர்ன் வீல் ஒர்க்ஸ் ஹப்பைக் கூட கடைசல் பிடிக்காம, தகட்டை அச்சுல அழுத்தியே செஞ்சது. இந்த அழுத்துற வித்தைதான் பின்னாடி கார் தொழிற்சாலைக்குப் போச்சு. இதைப் பத்தியெல்லாம் பெருமையா நிறைய எழுதியிருக்காங்க. எனக்கு மனசுல நின்னது வேற.

மசாசூசெட்ஸ்ல ஃபிட்ச்பர்க் ஊர்ல சைமண்ட்ஸ்னு ஒரு ஆலை, சைக்கிளுக்கு எஃகுக் குண்டு செய்றது. குண்டை மெஷின் செஞ்சுடும், நல்ல குண்டா நொள்ளைக் குண்டான்னு மெஷினுக்குத் தெரியாது. அதுக்கு 120 பொண்ணுங்க. இடது கையோட பின்பக்கம், விரல்கள் சேர்ற மடிப்புல குண்டுகளை வெச்சு, நல்ல வெளிச்சத்துல உருட்டி உருட்டிப் பார்க்கணும். கீறல், சொட்டை, வெடிப்பு இருந்தா வலது கையில இருக்குற காந்தத்தால எடுத்துப் போடணும். ஒரு நாளைக்குப் பத்தரை மணி நேரம்.

அங்க வந்து சேர்ந்தார் ஃபிரடெரிக் டெய்லர். எம்.பி.ஏ. படிச்சவங்களுக்குத் தெரிஞ்ச பேரு, 'சயின்டிஃபிக் மேனேஜ்மென்ட்' டெய்லர். வேலை நேரத்தைப் பத்தரையிலேர்ந்து எட்டரையாக் குறைச்சார். ஒண்ணேகால் மணி நேரத்துக்கு ஒரு தடவை பத்து நிமிஷம் ஓய்வு. கூலியும் 80-லிருந்து 100 சதவீதம் ஏறுச்சு. தரமும் கூடிச்சு. ஆஹா, நல்ல மனுஷன்னு தோணுதுல்ல? கடைசியில 120 பேர் பார்த்த வேலையை 35 பேர் பார்த்தாங்க. மிச்சம் 85 பேர் வெளிய.

யாரை அனுப்பினாங்கங்கிறதுதான் விஷயம். கண்ணு ஒண்ணைப் பார்த்ததுக்கும் கை அசையறதுக்கும் நடுவுல ஆகுற நேரம் சிலருக்குக் கம்மி, சிலருக்கு ஜாஸ்தி. ஜாஸ்தி உள்ளவங்க வெளிய. அப்படிப் போனவங்கள்ல ரொம்ப புத்திசாலிங்க, கடுமையா உழைக்கிறவங்க, நம்பகமானவங்க நிறைய பேர் இருந்தாங்கன்னு டெய்லரே 1911-ல தன்னோட புத்தகத்துல ஒத்துக்கிட்டிருக்கார். பொட்டி தட்டுற நமக்கு அப்ரைசல் சீசன்ல இதைப் படிச்சா அடிவயிறு கலங்கும். சைக்கிள் சாமான் ஒவ்வொண்ணுலயும் சரி பண்ணிக்க இடம் விட்டானே, இந்தப் பொண்ணுங்களுக்கு ஏன் அப்படி ஒரு கால் சுத்து கிடைக்கல? ஆலைக்குள்ள வேற வேலையே இல்லையா? இன்னிக்கும் வேகமான மிதிவண்டியைப் பத்தி எழுதுறவங்க ஃபிஷரைச் சொல்றாங்க, சுரிரேயைச் சொல்றாங்க. விரல் மடிப்புல குண்டு உருட்டினவங்க 120-ங்கிற எண்ணாத்தான் மிஞ்சியிருக்காங்க.

சரி, கம்பி செய்ய மெஷின், குண்டு செய்ய மெஷின், ரிம் வளைக்க மெஷின் எல்லாம் 19-ம் நூற்றாண்டுலேயே வந்துடுச்சு. ஆனா கோட்டம் எடுக்குற வேலை மட்டும் ரொம்ப காலத்துக்கு மெஷினுக்குப் பிடி கொடுக்கல. காரணம் சிம்பிள். ஒரு நிப்பிளைத் திருகினா பக்கத்துக் கம்பி தளரும், எதிர்ப்பக்கம் இறுகும். இடது பக்கம் இழுத்தா ரிம் கொஞ்சம் உள்ளயும் போகும். 36 வேரியபிள், எல்லாம் குளோபல்! அளக்கணும், யோசிக்கணும், கொஞ்சமா திருகணும், மறுபடி அளக்கணும். சென்சாரும் கம்ப்யூட்டரும் வந்த பிறகுதான் இது மெஷினால ஆச்சு. இன்னிக்கு நெதர்லாந்தோட ஹாலண்ட் மெக்கானிக்ஸ் மாதிரி கம்பெனிகள் இதுக்குன்னே ரோபோ செய்றாங்க. சக்கரத்தைச் சுத்தி, பக்கவாட்டு ஆட்டம், மேல்கீழ் ஆட்டம் எல்லாம் அளந்து, அதுவே நிப்பிளைத் திருகிடும். கம்பியை ஹப்புல கோர்க்குற வேலையைப் பல ஆலைகள்ல இன்னமும் கையாலதான் பண்றாங்க.

அந்தச் சக்கரத்துக்குள்ள என்னதான் நடக்குதுன்னு கம்ப்யூட்டர் கணக்கோட விளக்கினது யோப்ஸ்ட் பிராண்ட்ங்கிற அமெரிக்க இன்ஜினியர். போர்ஷே, ஹெச்.பி. எல்லாம் வேலை பார்த்தவர், 2015-ல காலமானார். 1981-ல சக்கரத்தைப் பத்தியே ஒரு புத்தகம் போட்டார். நாம என்ன நினைப்போம்? நாம உக்கார்ந்தா ஹப் மேல் கம்பியிலேர்ந்து தொங்கும், அங்கதான் இழுவை ஏறும்னு. அவர் கணக்குப்படி மேல் கம்பியில மாத்தம் ரொம்பக் கம்மி. தரையைத் தொடுற இடத்துல இருக்குற நாலஞ்சு கம்பியோட இழுவைதான் குறையுது. இறுக்கிக் கட்டின கம்பி இழுவையை இழந்தா அது பாரம் தாங்குறதுக்குச் சமம்னு அவர் வாதம். 'அப்ப கம்பி மேலதான் ஹப் நிக்குதா?'ன்னு சைக்கிள்காரங்க வருஷக்கணக்கா இணையத்துல அடிச்சுக்கிட்டாங்க.

சண்டையை விடுங்க, அதுல உபயோகமான சேதி ஒண்ணு இருக்கு. ரோட்ஸ்டர் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 450 தடவை சுத்தும். ஒவ்வொரு சுத்துலயும் ஒவ்வொரு கம்பியும் ஒரு தடவை தளர்ந்து இறுகும். கம்பி உடையறது இந்தத் தளர்ச்சி-இறுக்கத்தாலதான், ஓவரா டைட் வெச்சதால இல்ல. அதனாலதான் லூசா கட்டின சக்கரத்துல கம்பி ஒவ்வொண்ணா போய்க்கிட்டே இருக்கும். சக்கரம் கட்டி முடிச்சதும் பக்கத்துப் பக்கத்துக் கம்பியை ஜோடி ஜோடியா பிடிச்சு, கையால பலமா ஒரு தடவை நெறிச்சு விடணும்னு பிராண்ட் சொல்றார். வளைவுல தங்கியிருக்குற உள் அழுத்தம் அதோட போயிடும். ரோபோ வெச்சிருக்குற ஆலையிலயும் இதே வேலைக்குச் சக்கரத்தை அழுத்தி விடுற தனி மெஷின் உண்டு.

நம்ம சைக்கிள் கடைக்காரர்கள் பிராண்டைப் படிச்சவங்க இல்ல. வண்டியைக் கவுத்துப் போட்டு, ஒரு சாக்பீஸை ஃபோர்க்ல ஊனி ரிம்மை ஒட்டிப் பிடிச்சுச் சக்கரத்தைச் சுத்துவாங்க. கோடு விழுந்த இடம் வெளிய வந்த இடம். அங்க எதிர்ப்பக்கக் கம்பிக்குக் கால் சுத்து. முடிச்சதும் கம்பிகளை விரலால சுண்டிக்கிட்டே வருவாங்க. சத்தம் எங்க மாறுதோ அங்க மறுபடி சாவி. விரலால சுண்டிச் சத்தம் கேட்டுப் பார்க்குற முறை பிராண்ட் புத்தகத்துலயும் இருக்கு.

ஆங், ஒரு விஷயம். எங்க பக்கம் போக்ஸ் கம்பின்னு சொல்வாங்க. ஸ்போக்ஸ் எப்படி போக்ஸ் ஆச்சுன்னு யூகிக்க முடியுது. ஈழத்துல, மலேசியாவுல இதுக்கும், கோட்டம் எடுக்குறதுக்கும் என்ன பேரு? தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல சொல்லுங்க.